மர எண் நாற்பத்தொன்று

அகிதா மலையடியில் கமினாய் என்றொரு ஊர்.
முப்பது வீடுகளில் பத்தொன்பது பூட்டியவை.
நகராட்சி வேளாண் பிரிவில் எனக்கு
இந்த அக்டோபர் முழுக்க ஒரே வேலை:
பறிக்க ஆளில்லாத பழமரங்களுக்கு
மஞ்சள் நாடா கட்டி எண் போடுவது.

நாற்பத்தொன்று, ஒரு பெர்சிமன்.
வீட்டுக்காரர் சைதாமாவில் இருக்கிறார்.
தொலைபேசியில் "வெட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.
வைத்துவிட்டு மறுபடி அழைத்து
"இந்த வருஷம் காய்த்திருக்கிறதா?" என்றார்.

காய்த்திருந்தது.
இலை உதிர்ந்த கிளைகளில்
யாரோ அணைக்க மறந்துபோன விளக்குகளாய்
முந்நூறோ நானூறோ.
அடியிலிருந்து கவடு வரைக்கும் நகக் கீறல்,
பழையது கறுத்து, புதியது ஈரமாய்.
கிளைகளை வளைத்து ஒடித்துத் தனக்கடியில் செருகி
உட்கார்ந்து தின்ன ஒரு மெத்தை செய்திருந்தது கரடி.
நான் குடியிருந்த சில வாடகை அறைகளைவிட
நல்ல வேலைப்பாடு.

போன மாதம் ஒரு காலையில்
கொன்னோ யுகாரி குப்பைப் பையோடு வந்தபோது
இந்த மரத்திலிருந்துதான் அது இறங்கியது.
அவள் முகத்தில் முப்பத்தாறு தையல்.
அதனால்
கரடிக்காக யாரும் என்னிடம் வாதாட வரவேண்டாம்.
அவள் மகனின் புத்தகப்பையில் கட்டிய மணி
தெருவில் கிணிகிணுத்துப் போவதை
தினமும் என் ஜன்னலிலிருந்து கேட்கிறேன்.

ரம்பத்தைக் கிளப்பும் முன்
ஸாஸாமோரி வேரில் கொஞ்சம் சாக்கே ஊற்றினார்.
உச்சியில் ஒரு பழத்தை விட்டுவைப்பது இங்கே வழக்கம்,
மரத்துக்குக் காவல், பறவைக்குப் பங்கு.
அதைச் சொல்ல வாயெடுத்தவர்
எதில் விட்டுவைப்பது என்று தோன்றியதாலோ என்னவோ
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

நான் மலையைப் பார்த்தேன்.
பச்சையாகத்தான் இருக்கிறது.
போருக்குப் பின் பீச் மரங்களைச் சரித்து
வரிசை பிடித்து நட்ட தேவதாரு.
வீடு கட்ட வளர்த்தார்கள்.
அது வளர்ந்தது, வீடு கட்ட ஆளில்லை.
ஒரு கொட்டை உதிர்க்காது.
மார்ச்சில் மகரந்தத்தை அனுப்பும்,
நாடே தும்மும்.
மேலே மிச்சமிருக்கிற பீச்சும் இந்த வருஷம் பொய்த்துவிட்டது.
கண்ணுக்குக் காடு.
வயிற்றைக் கேட்டால் வேறு சொல்லும்.

மரம் விழுந்த சத்தம் எனக்கு நினைவில்லை.
அதற்குப் பிறகும் சரிவில்
ஒவ்வொன்றாய் உருண்டுகொண்டிருந்த பழங்களின்
பொத், பொத்.
பதினொரு பெட்டி பொறுக்கினோம்.
குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.
ஒன்றை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்,
சைதாமாவுக்கு அனுப்பலாமென்று.

மூன்றாம் இரவு, இரண்டு பதினான்குக்கு,
கேமராவில் வந்தது.
நெஞ்சில் பிறை. பின்னால் ஒரு குட்டி.
வெட்டிய அடிமரத்தை முகர்கிறது.
அடுத்த படத்தில்
பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது.
முன்கால் இரண்டும் வெறுங்காற்றில்,
முதல் கிளை இருந்த
சரியான உயரத்தில்.
அதற்கடுத்த படத்திலும் அப்படியே.
அதற்கடுத்ததிலும்.
குட்டி மட்டும்
என்னைப் பார்க்கிறது.

பதிவேட்டில் 'ஈர்க்கும் பொருள்' என்ற கட்டத்தில்
'அகற்றப்பட்டது' என்று எழுதினேன்.
பொறிக்கூண்டு வைக்கும் ஆணை
கீழறையில் என் முத்திரைக்குக் காத்திருக்கிறது.
கூண்டுக்குப் பின் என்ன என்று எனக்குத் தெரியும்.
நாளை குத்துவேன். மணிச்சத்தம் கேட்கும் முன்பே.

பழம் இன்னும் அனுப்பவில்லை.
துவர்ப்பு இறங்கட்டும் என்று
மேசையில் வைத்ததுதான்.
இன்றைக்கு அறைக்குள் நுழைந்ததும்
கனிந்துவிட்டதென்று மூக்கு சொன்னது.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
எழுந்துபோய்
ஜன்னல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.